திரைக்குப் பின்னாடி ஒரு மேடை இருக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில இட்லி சாப்பிட்டுட்டு இருக்கும்போதே என் அத்தை மகன் போன் பண்ணினான். "மச்சான், கொட்டகைய ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போ. தீபாவளிக்குப் பங்காளிக எல்லாரும் ஊருக்கு வர்றாக, இடிக்கிறதா வச்சுக்கிறதான்னு அன்னைக்கு முடிவு பண்ணியாகணும்"னான். குரல்லயே தெரிஞ்சுது, இடிக்கத்தான் மனசு ஓடுதுன்னு.

கொட்டகைன்னா எங்க ஊர் சினிமா தியேட்டர். காரைக்குடியில இருந்து பஸ்ல அரை மணி நேரம். நெத்தியில டாக்கீஸ்னு தான் எழுதியிருக்கும், ஆனா எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் கொட்டகைன்னு தான் சொன்னாக, ஏன்னா அவுக சின்னப் புள்ளையா இருந்தப்ப அங்க படமே கிடையாது, நாடகம் தான். கம்பெனிக்காரங்க மாசக்கணக்கா ஊர்லயே தங்கி, ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய ஆடுவாங்களாம். அதுக்கு அப்புறம் திரை கட்டி, மெஷின் ரூம் கட்டி, படம் போட ஆரம்பிச்சாக. நான் படம் பார்த்ததெல்லாம் அங்க தான். தரை டிக்கெட்டுல மணலைக் குமிச்சு வச்சு மேல உக்காந்து, பின்னாடி இருக்குறவன் மறைக்குதுன்னு திட்டத் திட்டப் பார்த்திருக்கேன். பூட்டி இருபது வருஷம் ஆகப் போகுது.

என்னை ஏன் கூப்பிட்டான்னா, நான் இன்ஜினியர் ஒண்ணும் இல்ல, காரைக்குடியில பாத்திரக்கடை வச்சிருக்கேன், ஆனா எங்க பெரிய வீட்டை மூணு வருஷம் கூடவே நின்னு சரி பண்ணினேன். அந்த மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம் தான், இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான். நம்ம பழைய கட்டடங்களைக் கெடுத்தது வயசு இல்ல. நாம நல்லதுன்னு நெனச்சுப் பார்த்த ரிப்பேர்.

எங்க வீட்டுக் கதைய முதல்ல சொல்லிடறேன். எங்க அப்பச்சி இருந்தப்ப வளவுக்கு, அதான் வீட்டுக்கு நடுவுல இருக்குற முற்றத்துக்கு, வடக்குப் பக்கச் சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறுச்சு. பழைய சுண்ணாம்புப் பூச்சு அங்கங்க பொருக்கு விட்டு விழுந்துச்சு. ஒரு காண்ட்ராக்டர் வந்தாரு, பேரு வேண்டாம், "இதெல்லாம் காலம் முடிஞ்ச பூச்சு, கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் அடிச்சுட்டா நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்னாரு. நாங்களும் சரின்னுட்டோம். அந்த வருஷம் பார்க்க நல்லாத் தான் இருந்துச்சு. அடுத்த மழைக்கு அப்புறம் ஓதம் இடுப்புல இருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறிடுச்சு. அதுக்கடுத்த வருஷம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி, உள்ள வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துச்சு. கடைசியில சிமெண்ட் ஒரு பலகை மாதிரி பேத்துக்கிட்டு விழுந்தப்ப பார்த்தா, பின்னாடி இருந்த செங்கல்லோட முகமும் சேந்து வந்துடுச்சு. விரலை வச்சு நெருடினா செங்கல் மாவு மாதிரி உதிருது. நூறு வருஷம் நின்ன செங்கல், பத்து வருஷத்துல மாவாயிடுச்சு. அப்பச்சி அந்தச் சுவரைத் தடவிக்கிட்டே நின்னாக, ஒண்ணும் பேசல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கொத்தனாரு எனக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில இப்ப மாதிரி தண்ணி ஏறாம தடுக்குற பெல்ட்டெல்லாம் கிடையாது. தரையில இருந்து ஈரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதை யாரும் தடுக்கல, ஏறுன ஈரம் வெளிய போறதுக்கு வழி விட்டு வச்சாங்க. சுண்ணாம்புக் காரை நெருக்கம் இல்லாதது, ஈரத்தை உள்ள வாங்கி வெயில் வந்தா வெளிய விட்டுடும். சிமெண்ட் அப்படி இல்ல, இறுகிப் போன மூடி. உள்ள வந்த தண்ணிக்குப் போக்கு இல்லாம மேல மேல ஏறும், கூட கொண்டு வந்த உப்பு சிமெண்டுக்குப் பின்னாடியே தங்கிக் கட்டியாகும், கட்டியாகும்போது செங்கல்லைப் பொளந்துடும். இன்னொண்ணு, பழைய செங்கல் அவ்வளவு கெட்டி இல்ல. காரை அதைவிடக் கெட்டி கம்மி. சுவர் லேசா அசைஞ்சா காரை தான் முதல்ல விட்டுக் கொடுக்கும், விரிசல் இணைப்புல விழும், திரும்பக் காரை வச்சு அடைச்சுக்கலாம். சிமெண்டை வச்சா அது விட்டுக் கொடுக்காது, செங்கல் தான் உடையணும்.

சரி, கொட்டகைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி மெட்ராஸ் போயிட்டு வரணும், ஏன்னா என் மச்சானுக்கு நான் பதில் சொன்னதே அங்க பார்த்ததை வச்சு தான்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல, ரிப்பன் பில்டிங்கை ஒட்டி, செங்கல் கலர்ல ஒரு பெரிய கட்டடம் இருக்கும் பாருங்க, விக்டோரியா பப்ளிக் ஹால். சென்னையில ரொம்ப நாளா இருக்குறவங்க டவுன் ஹால்னு சொல்வாங்க. நான் சரக்கு எடுக்கப் போறப்பல்லாம் அதைத் தாண்டித் தான் போவேன், ஒரு நாளும் நின்னு பார்த்ததில்ல. பல வருஷமா பூட்டியே கிடந்துச்சு, மெட்ரோ வேலை வேற பக்கத்துலயே நடந்துச்சு. 2023-ல மாநகராட்சி 32 கோடிக்கு மேல ஒதுக்கி மறுசீரமைப்பு ஆரம்பிச்சாங்க. வேலை நடந்துட்டு இருந்த சமயம் ஒரு மத்தியானம், எனக்கு எழும்பூர்ல பல்லவன் ஏற இன்னும் நேரம் இருந்துச்சு, ரோட்டோரமா நின்னு சாரத்தையும் பச்சை வலையையும் பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டு வேலைய முடிச்சு வந்த கண்ணுக்கு அது வேற மாதிரி தெரிஞ்சுது.

1883-ல அடிக்கல் நாட்டுனது. நட்டவர் விஜயநகரம் மகாராஜா, ஆந்திராவுல இருக்குற விஜயநகரம். விக்டோரியா ராணிக்கு 1887-ல பொன்விழா வந்துச்சுல்ல, அதுல அவங்க பேரையே வச்சுட்டாங்க. வரைஞ்சது ராபர்ட் சிஷோம், பிரசிடென்சி காலேஜ், செனட் ஹவுஸ் எல்லாம் இவரு தான். கட்டினது நம்பெருமாள் செட்டி. பேர்ல செட்டி இருக்கவும் நம்ம நகரத்தார்னு எங்க கடையில ஒருத்தரு சந்தோஷப்பட்டாரு, இல்ல, அவுக தெலுங்கு வைசியர். ஹைகோர்ட்டைக் கட்டுனவரும் அவரே தான். வரைஞ்சவன் பேரை எல்லாரும் சொல்றோம், கட்டினவர் பேரையும் சொல்லணும்னு எனக்கு ஒரு ஆசை, ஏன்னா காகிதத்துல இருக்குறது நிக்காது, கல்லும் காரையும் தான் நிக்கும்.

அந்தக் கட்டடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது கோபுரம். சதுரமா மேல போயி உச்சியில கூம்பா ஒரு கூரை, பார்த்தா கேரளாக் கோயில், கேரளா வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். மெட்ராஸ்ல அது எப்படி வந்துச்சுன்னு யோசிச்சேன். சிஷோம் அதுக்கு முன்னாடியே திருவனந்தபுரத்துல நேப்பியர் மியூசியம் கட்டியிருக்காரு, 1880-ல முடிஞ்சது, அங்க முழுக்க அந்த ஊர்க் கூரை தான். அங்க கண்ணுல பட்டது மனசுல தங்கி இங்க வந்திருக்கு. நம்ம செட்டிநாட்டு ஆளுக தொழிலுக்குப் போன பர்மாவுல பார்த்ததை வளவுல வச்ச மாதிரி.

உள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஹால். ஒவ்வொண்ணுலயும் 600 பேர் உக்காரலாம், போதாதுன்னு மரத்துல ஒரு கேலரி. வடக்குலயும் தெக்குலயும் தூண் வச்ச வராந்தா. இந்த வராந்தாவைச் சும்மா அழகுக்குன்னு நெனைக்கக் கூடாது. வெயிலும் மழையும் ஹால் சுவர்ல நேரா விழாது, வராந்தா வாங்கிக்கும். சுவர் சூடாகாது, உள்ள ஆயிரம் பேர் மூச்சு விட்டாலும் கதவைத் திறந்து போட்டா காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிடும். ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது, மைக் கிடையாது அப்ப. நம்ம வீட்டு முகப்பும் திண்ணையும் வளவைச் சுத்தி ஓடுற பத்தியும் செய்யுறது இதே வேலை தான், அது தர்பார் மாதிரி இருக்கு, இது வீடு மாதிரி இருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம்.

அங்க என்னென்ன நடந்திருக்குன்னு நெனச்சாலே சிலிர்க்குது. 1896 டிசம்பர்ல ஸ்டீவன்சன்னு ஒருத்தரு அங்க துண்டு துண்டா சில படங்களை ஓட்டிக் காட்டினாரு, மெட்ராஸ்ல ஜனங்க முதல் தடவையா அசையுற படம் பார்த்தது அது தான். பாரிஸ்ல லூமியேர் சகோதரர்கள் காட்டி ஒரு வருஷம் கூட முழுசா ஆகல. 1897 பிப்ரவரில விவேகானந்தர் வெளிநாடு போயிட்டுத் திரும்பி வந்து அங்க பேசியிருக்காரு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல ஆரம்பிச்ச சுகுண விலாச சபா வருஷக்கணக்கா அங்க நாடகம் போட்டுச்சு. வக்கீலும் ஜட்ஜும் உத்தியோகஸ்தரும் அரிதாரம் பூசி மேடை ஏறுனாங்க. அதுக்கு முன்னாடி நாடகக்காரன்னா ஊர்ல மதிப்பு கிடையாதுன்னு எங்க ஐயாவே சொல்லுவாக. அந்த மதிப்பு மாறுனதுல அந்த ஹாலுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவும் நடந்த கட்டடம், மூடிக் கிடந்த காலத்துல மேல அரசங்கன்னு முளைச்சு, கூரை ஒழுகிக் கிடந்துச்சு. இந்த மாதிரிக் கட்டடத்தைச் சரி பண்றவங்க முதல்ல புதுசா ஒண்ணும் சேர்க்க மாட்டாங்க. முன்னாடி யாரோ சேர்த்ததை எடுப்பாங்க. சிமெண்ட் ஒட்டு, ஆயில் பெயிண்ட், இடையில எழுப்புன தடுப்புச் சுவர், கண்ட இடத்துல குத்துன பைப்பு, அதெல்லாம் இறங்கினா தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும். அப்புறம் தான் சுண்ணாம்பு. அந்த சாரத்துக்குக் கீழ நின்னப்ப ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்துச்சு, நம்ம ஊர்ல வீட்டு வேலை நடக்குற தெருவுல வருமே அதே வாசம். ட்ராஃபிக் சத்தத்துக்கு நடுவுல அந்த வாசத்தை முகர்ந்ததும் எனக்கு உடனே ஊருக்கு வரணும் போல ஆயிடுச்சு.

அதே நாட்டுல தான் மதுரை தங்கம் தியேட்டர் இப்ப இல்லை. 1952-ல திறந்தப்ப ஆசியாவுலயே பெரிய தியேட்டர்னு பேர் வாங்குனது, ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல உக்காரலாம், எங்க அப்பச்சி அதைப் பார்க்கவே மதுரைக்குப் போயிருக்காக. மெட்ராஸ் மவுண்ட் ரோட்ல 1913-ல வந்த எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் தப்பிச்சுது, எப்படின்னா தபால் இலாகா அதை எடுத்துப் புழங்கிட்டு இருக்கு, உள்ள ஸ்டாம்பு சேகரிக்கிறவங்களுக்கான பிரிவு. ஆள் புழங்குனா கட்டடம் நிக்கும். பூட்டி வச்சா மரியாதை பண்றோம்னு அர்த்தம் இல்ல.

சரி இப்ப கொட்டகை.

நான் தனியா போகல, எங்க வீட்டு வேலைய செஞ்ச கொத்தனாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். எழுபதைத் தாண்டிட்டாரு, கண்ணு கொஞ்சம் மங்கல், ஆனா கை இன்னும் மங்கல. என் மச்சான் பூட்டைத் திறக்க கால் மணி நேரம் போராடினான். உள்ள போனதும் வௌவால் நாத்தம், புறா எச்சம் காலடியில காஞ்ச சேறு மாதிரி. முகப்புல கஜலட்சுமி சுதை இன்னும் இருக்கு, ஒரு யானைக்கு மட்டும் தும்பிக்கை இல்ல, மேல நாலஞ்சு தடவை ஆயில் பெயிண்ட் அடிச்சு அடிச்சு லட்சுமியோட மூக்கும் வாயும் ஒண்ணாப் போச்சு. வராந்தாவுல எட்டு தூண், அதுக்குப் பின்னாடி டிக்கெட் குடுக்குற பொந்து, கை போற அளவு தான் இருக்கும், அந்த விளிம்புல ஆயிரக்கணக்கான கை உரசி உரசி கல்லு வழுவழுன்னு கிடக்கு. நான் என் கையையும் விட்டுப் பார்த்தேன்.

ஹாலுக்கு மேல முன்ன நாட்டு ஓடு, அதை எடுத்துட்டு எப்பவோ ஆஸ்பெஸ்டாஸ் போட்டுட்டாக. அங்கங்க உடைஞ்சு வெயில் கம்பி கம்பியா இறங்குது. வராந்தாவுக்கும் மெஷின் ரூமுக்கும் மட்டும் மெட்ராஸ் டெரஸ். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தேக்கு உத்திரம் போட்டு, அது மேல செங்கல்லைப் படுக்க வைக்காம சாய்வாக் குத்துக்கல்லா நிறுத்தி காரையில கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பொம்பளைக வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சு, கட்டை எம்பிக் குதிக்கிற வரைக்கும் அடிக்கணும். அடிக்கிறதுக்குப் பாட்டு உண்டு, எங்க அப்பத்தா பாடிக் காட்டியிருக்காக, பாட்டு இல்லாம அந்த அடி ஒரே சீரா விழாது. அது மேல தட்டோடு பதிச்சு முடிப்பாங்க. அந்தக் கூரை இவ்வளவு வருஷம் கவனிப்பே இல்லாம இன்னைக்கும் நிக்குது. ஒழுகுறது எங்கன்னா, புறா எச்சம் தண்ணி போற ஓட்டையை அடைச்சு, தண்ணி தேங்கி நின்ன ஒரே ஒரு மூலையில. அந்த மூலையில ஒரு உத்திரத்தோட நுனி, சுவருக்குள்ள செருகியிருக்குற பக்கம், உளுத்துப் போச்சு. மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஆள் தொடப்பத்தோட மேல ஏறியிருந்தா அந்தத் தேக்கு இன்னும் ரெண்டு தலைமுறை இருந்திருக்கும். அதைப் பார்த்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

கொத்தனாரு பாக்கெட்ல இருந்து ஒரு பழைய தடி அஞ்சு ரூபாய்க் காசை எடுத்தாரு. அதை வச்சு சுவரைத் தட்டிக்கிட்டே நடந்தாரு, காதைச் சுவருக்குக் கிட்டக்க வச்சுக்கிட்டு. டிக், டிக், டிக். பிடிப்பா இருக்குற இடத்துல சத்தம் சின்னதா, கெட்டியா வரும். பூச்சு சுவரை விட்டிருந்தா டொப்புன்னு பானையைத் தட்டுன மாதிரி வரும். அந்த டொப்பு வர்ற இடத்துல எல்லாம் கரியால ஒரு வட்டம் போட்டாரு. ஹாலைச் சுத்தி முடிக்க ஒண்ணரை மணி நேரம். வட்டம் முழுக்க எங்க இருந்துச்சு தெரியுமா, கீழ இருந்து ஆள் உயரம் வரைக்கும் சிமெண்ட் பூசுன பட்டையில தான். அதுக்கு மேல, சீலிங் வரைக்கும், ஒரு வட்டம் கூட இல்ல. மேல இருக்குறது பழசு, கீழ இருக்குறது புதுசு. புதுசு தான் கெட்டுக் கிடக்கு. என் மச்சான் அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு நின்னான், அதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்க வேண்டியிருக்கல.

"தம்பி, இங்க ஒரு உளி குடுங்க"ன்னு கொத்தனாரு ஒரு வட்டத்துல மெதுவாக் கொத்தினாரு. கொத்துனார்னு கூட சொல்லக் கூடாது, சிமெண்ட் தானா கழண்டு வந்துச்சு. பின்னாடி பழைய பூச்சு ஒரு கையகல இடத்துல தப்பிச்சு இருந்துச்சு. அழுக்கு. ஈரத் துணியால துடைச்சாரு, திரும்பத் துடைச்சாரு, உள்ளங்கையால தேய்ச்சாரு. பளிங்கு மாதிரி ஒரு வெள்ளை வெளிய வந்துச்சு, முழு வெள்ளை இல்ல, பால்ல ஒரு சொட்டு டிகாஷன் விட்ட மாதிரி. "முட்டைப் பூச்சு தம்பி. கொட்டகைக்குப் போயி முட்டைப் பூச்சு பூசியிருக்காக பாருங்க"ன்னாரு. நான் கன்னத்தை வச்சுப் பார்த்தேன். வெளிய வெயில் கொளுத்துது, மேல ஆஸ்பெஸ்டாஸ், அந்தக் கையகல இடம் மட்டும் சில்லுன்னு இருந்துச்சு.

அந்தப் பூச்சு நம்ம பக்கம் எப்படி வரும்னா, சுட்ட சுண்ணாம்பைக் குழியில போட்டுத் தண்ணி விட்டா கொதிக்கும், நெஜமாவே அடுப்பு இல்லாமக் கொதிக்கும், புள்ளைகளைப் பக்கத்துல விட மாட்டாங்க. அதை அப்படியே தண்ணிக்கு அடியில வாரக்கணக்கா ஊற விடணும், அவசரப்பட்டா பூசுன பின்னாடி சுவர்ல ஊறாத கல்லு வெடிச்சுக் குழி குழியாகும். அப்புறம் மணல் சேர்த்து அரைக்கணும், முன்ன மாடு கட்டி செக்குல அரைச்சாங்க. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறுன தண்ணி அதுல சேரும். ஒரு பூச்சு இல்ல, நாலஞ்சு பூச்சு, மேல போகப் போக மணல் சன்னமாகும், கடைசிப் பூச்சுல மணலே இருக்காது, கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் தான். அது காயுறதுக்குள்ள வழவழக் கல்லை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், கை விடக் கூடாது. அதுக்கு அப்புறமும் வேலை முடியாது, சுவர் தானா பண்ணும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில சுட்டப்ப அதுல இருந்து எந்தக் காத்து போச்சோ, அதே காத்தைச் சுவர் மாசக்கணக்கா திரும்ப உள்ள வாங்கிக் கல்லாகும். கல்லைச் சுட்டு மாவாக்கி, சுவர்ல வச்சுத் திரும்பக் கல்லாக்குறது. காரைக்குடிங்கற பேர்லயே காரை இருக்கு, காரைச் செடியில இருந்து வந்த பேருன்னு சொல்றவங்க இருக்காங்க, காரை வீட்டுல இருந்துன்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு ரெண்டாவது தான் பிடிக்கும்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல 2014-ல சேர்த்தாங்க. அதுல பெருமை தான். ஆனா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க, இடிச்ச வீட்டுத் தூணும் கதவு நிலையும் எனாமல் பாத்திரமும் கடைகடையாக் குமிஞ்சு கிடக்கும். எனக்கு அந்தக் கடைக்காரங்க மேல கோவம் இல்ல, அவங்க வித்தா தான் சோறு. ஒரு நிலையைப் பார்த்தா எந்த ஊரு, எந்த வீடா இருக்கும்னு மனசு கணக்குப் போடும், அது தான் தாங்க முடியல. வீடாவது பங்காளி பங்காளியாப் பிரிஞ்சு ஒருத்தரு கேட்டா ஒருத்தரு கேக்க மாட்டாரு. கொட்டகைங்கறது ஊரோட சொத்து மாதிரி, பேர் தான் ஒரு குடும்பத்துது. ஏவிஎம் செட்டியார் யுத்த காலத்துக்குப் பின்னாடி தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்துனாக, அப்புறம் கோடம்பாக்கம் போனாக. இந்த மண்ணுல இருந்து சினிமாவுக்குப் போனது அவ்வளவு. அந்த சினிமா திரும்ப வந்து ஓடுன கட்டடம் ஒண்ணாவது நிக்கணும்னு கேக்குறது பெரிய ஆசையான்னு தெரியல.

இப்ப தலைப்புல சொன்ன விஷயம். எல்லாம் பார்த்து முடிச்சு வெளிய வர்றப்ப, கொத்தனாரு திரைக்குக் கிட்டக்க போயி நின்னாரு. திரைன்னு ஒண்ணும் இல்ல இப்ப, கிழிஞ்ச துணி ஒரு ஓரமாத் தொங்குது, அதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் வைக்கிற இடம்னு தான் நான் இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். அவரு துணியை ஒதுக்கிட்டு உள்ள போனாரு, நாங்களும் டார்ச்சோட போனோம். மரப்பலகை அடிச்ச மேடை, அகலம் முழுக்க, பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் வேஷம் கட்டுற ரூம். பலகையில நாலு மூலைக்கும் நடுவுல ஒரு கதவு மாதிரி வெட்டு, தூக்குனா கீழ ஆள் நிக்கிற அளவு குழி. திடீர்னு தோணுற சாமி, மறையுற அசுரன் எல்லாம் அது வழியாத் தான். நாடக மேடையை யாரும் இடிக்கவே இல்ல, அது முன்னாடி துணியைக் கட்டிப் படம் போட்டுட்டாக. எங்க அப்பத்தா பார்த்த அதே பலகை. ஒரு ஓரத்துச் சுவர்ல ஆணியில கண்ணாடி மாட்டியிருந்த தடம், அதுக்குக் கீழ சுண்ணாம்புல தீத்துன சிவப்பு விரல் தடம், அரிதாரம் பூசுன கையைத் துடைச்ச மாதிரி, நாலு விரல்.

என் மச்சான் மேடை மேல ஏறி நின்னான். சும்மா இருக்க முடியாம "யாராச்சும் இருக்கீகளா"ன்னு கேட்டான், கத்தல, சாதாரணமா பேசுற குரல் தான். நான் அதுக்குள்ள கடைசி வாசல் கிட்ட போயிட்டேன். பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு.

இப்போதைக்கு முடிவு இது தான், தீபாவளிப் பேச்சு வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது, ஆனா மழை காத்திருக்காது, அதனால மூணு வேலை மட்டும். மேல தண்ணி போற ஓட்டையை எல்லாம் சுத்தம் பண்றது. உளுத்த உத்திரத்துக்கு அடியில முட்டுக் கொடுக்குறது. வடக்குச் சுவர்ல பத்தடிக்குப் பத்தடி சிமெண்டை எடுத்துட்டு சும்மா விடுறது, சுவர் காயட்டும், அதுக்கு அப்புறம் ஒரு சின்ன இடத்துல காரை பூசி ஒரு மழைக்காலம் பார்க்குறது. பங்காளிக வந்தா அந்தப் பத்தடியக் காட்டலாம்னு மச்சான் சொல்றான், இப்ப குரல் வேற மாதிரி இருக்கு.

நேத்து கொட்டகைக்குப் பின்னாடி குழி வெட்டி சுண்ணாம்பு ஊற வச்சாச்சு. கொதிச்சு அடங்குற வரைக்கும் மூணு பேரும் நின்னு பார்த்தோம். அப்புறம் கொத்தனாரு சாக்கை நனைச்சு மேல போர்த்திட்டு, "கார்த்திகை வரைக்கும் யாரும் இதைக் கிண்டக் கூடாது தம்பி"ன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்தாரு.